கரோலின் வீட்டுச் சிவப்பு லைட்டு

எங்கள் மாடி வீட்டு கரோலின் ஒரு நாளைக்கு எழுபது, எண்பது பேரோடு பேசுவாள். அத்தனை பேரும் முன்னே பின்னே தெரியாத ஆட்கள். காலையில் ஏழு மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டினால், சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அவள் குரல் என் தலைக்கு மேலே ஓடிக்கொண்டே இருக்கும். நாலு மணிக்குக் கழற்றி வைத்தாள் என்றால் அதோடு சரி. அப்புறம் அந்த வீட்டில் குக்கர் மட்டும்தான் சத்தம் போடும்.

அவள் வேலை இதுதான். ஊரில் யார் வீட்டிலாவது நெட் வரவில்லை என்றால் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள் இல்லையா, அந்தப் போன் இவளிடம் வரும். கம்பெனி பேர் இங்கே வேண்டாம். பொள்ளாச்சியில் இருந்து ஒருத்தர், விருத்தாசலத்தில் இருந்து ஒருத்தர் என்று எல்லாரும் கோபமாகத்தான் ஆரம்பிப்பார்கள். இவள் குரல் மட்டும் ஏறவே ஏறாது.

"சார், ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும் பாருங்க. அதுல எந்த லைட்டு சிவப்பா எரியுது?"

"ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு முப்பது எண்ணுங்க மேடம். உடனே போடாதீங்க. போட்டப்புறமும் ரெண்டு நிமிஷம் பொறுமையா இருங்க, லைட்டு எல்லாம் ஒவ்வொண்ணா வரட்டும்."

"உங்க போன்ல மட்டும் வரலையா, வீட்ல இருக்கிற எல்லார் போன்லயும் வரலையா? உங்களுக்கு மட்டும்னா கோளாறு போன்ல சார், லைன்ல இல்ல."

"பெட்டியை ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி வைக்காதீங்க. பீரோ உள்ளேயும் வேணாம். கண்ணுக்குத் தெரியற மாதிரி உயரத்துல வைங்க."

எனக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனால் மூன்று வருஷமாகத் தினம் கேட்டதில் இதெல்லாம் மனப்பாடம். எதிர்க்கடை ஷெர்லின் ஒருநாள் நெட் போய்விட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான்தான் போய், "எந்த லைட்டு செகப்பா கீது? ஆஃப் பண்ணு, முப்பது எண்ணு" என்றேன். இருபத்தி ரெண்டிலேயே போடப் போனாள், கையில் ஒரு தட்டு தட்டினேன். வந்துவிட்டது. "ஆயா இன்னா படிச்சுக்கீது?" என்று அங்கே நின்றிருந்தவன் எல்லாம் சிரித்தான். சிரிக்கட்டும்.

நான் சொல்ல வந்தது கரோலினைப் பற்றி.

அவள் அப்பா இக்னேஷியஸ் ஹார்பரில் சரக்கு தூக்குகிற விஞ்ச் ஓட்டினார். அவர் போய்ச் சேர்ந்தபோது இவள் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. அம்மா எல்சி வளர்த்துப் படிக்க வைத்தாள். பாரிஸ் கார்னரில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தாள் கரோலின். தினம் பஸ்ஸில் போய்விட்டுக் கையில் மல்லிப்பூவோடு வருவாள். மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒன்று தூத்துக்குடி, ஒன்று பெரம்பூர். அந்த நேரம் பார்த்து எல்சி குளியலறையில் விழுந்தாள். இடுப்பு போனது. ஆறு வருஷம் படுக்கை. வந்த மாப்பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆபீஸையும் விட்டாள். வீட்டில் இருந்தே பார்க்கலாம் என்று இந்த வேலை கிடைத்ததும், அம்மா கட்டில் பக்கத்திலேயே மேசை போட்டுக்கொண்டாள். எல்சி போய் ரெண்டு வருஷம் ஆகிறது. கட்டில் போய்விட்டது, மேசை அதே இடத்தில் இருக்கிறது.

நானும் அவளும் பேசிக்கொள்வோமா என்றால், படியில் பார்த்தால் "சாப்ட்டியா ஆயா?", "ஆச்சுமா, நீ?". அவ்வளவுதான். ஒரே வாசல், ஒரே படிக்கட்டு. எல்சி இருந்தவரைக்கும் நான் மேலே போய் உட்காருவேன். அவள் போனபிறகு கரோலினும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு நான் போகமாட்டேன். அது என் குணம், இந்த வயசில் அதை மாற்றச் சொன்னால் எப்படி?

இந்தப் பங்குனியில்தான் அவள் வீட்டுச் சிவப்பு லைட்டு ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு மேலே குரல் நின்றுபோனது. நடக்கிற சத்தம் மட்டும் வந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறாள். சாயங்காலம் படியில் பார்த்தபோது கேட்டேன்.

"இன்னாமே, இன்னிக்கு ஊர்ல எல்லார் வூட்லயும் நெட்டு வந்துடுச்சா? ஒருத்தனும் திட்டலையே."

"என் வீட்லயே போயிடுச்சு ஆயா."

"முப்பது எண்ணுனியா?"

சிரிக்கவில்லை. "எண்ணினேன். மூணு தடவை எண்ணினேன்."

"போன்ல நெட்டு கீதே, அதுல பேச வேண்டியதுதானே?"

"ஆபீஸ் சிஸ்டம் அதை எடுக்காது ஆயா."

லைன்மேன் டென்னிஸ் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தான். ஐம்பது வயசு ஆள், எண்ணூர் வரைக்கும் கம்பத்தில் ஏறி இறங்குகிறவன். அவன் வந்து பார்க்கும்போது லைட்டு பச்சை. "நல்லாதான்கா கீது" என்று அவன் போனில் ஏதோ எழுதிவிட்டுப் போனான். அடுத்த வாரம் மறுபடியும் அதே மாதிரி. பகலில் போகும், சாயங்காலம் அவன் வரும்போது பச்சை. டென்னிஸ் பெட்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தான். "அக்கா, நான் வந்தா எரியுது, போனா அணையுது. என்னைப் பாத்தா பயம் போல கீது" என்றான். அவன் எழுதிவிட்டுப் போனது என்னவென்றால், லைனில் கோளாறு இல்லை, வீட்டுக்குள் ஏதோ.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. படியில் உட்கார்ந்து அவளே சொன்னாள், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கும். வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு மாசத்தில் மூன்று தடவை அவர்கள் வீட்டுக் கோளாறால் லைன் போனால், அப்புறம் வீட்டில் இருந்து பார்க்க முடியாது. சிறுசேரி ஆபீஸுக்கு வரவேண்டும். ராயபுரம் எங்கே, சிறுசேரி எங்கே. காலை ஏழு மணி வேலைக்கு இங்கிருந்து போக முடியாது. அங்கேயே லேடீஸ் ஹாஸ்டலில் படுக்கை எடுக்கவேண்டும், இந்த வீட்டை விடவேண்டும்.

"ரெண்டு ஆயிடுச்சு ஆயா. இன்னும் ஒண்ணு ஆச்சுன்னா வீட்டைப் பூட்ட வேண்டியதுதான்."

"போனா போவுது. அங்க நாலு பேரு இருப்பாங்க."

"நாலு பேரு இருப்பாங்க. எனக்கு வீடு இருக்காதே" என்று சொல்லிவிட்டு எழுந்து மேலே போனாள். அந்தப் பேச்சை நான் பேசியிருக்கக்கூடாது.

மூன்றாவது தடவை வந்தது ஒரு வியாழக்கிழமை. கடல் காற்று பிய்த்து எடுத்த நாள். நான் மொட்டை மாடியில் கருவாடு காயப்போட்டுவிட்டு வந்து, படிக்குக் கீழே உட்கார்ந்து மிச்ச நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தேன். மேலே ஒருத்தரிடம் பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. அப்புறம் போனோடு படியில் இறங்கி வந்து நடுப்படியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஸ்பீக்கரில் அவளுடைய மேல் ஆபீசர் அனிஷா பேசியது எனக்கும் கேட்டது.

"கரோலின், ரூல் நான் போட்டது இல்ல. இன்னிக்கு நாலு மணிக்குள்ள லைன்மேன்கிட்ட ரிப்போர்ட் வாங்கி அனுப்புங்க. கோளாறு வீட்டுக்கு வெளியன்னு வந்தா இது கணக்குல வராது. உள்ளன்னு வந்தா திங்கக்கிழமை சிறுசேரி. சாரி."

டென்னிஸுக்குப் போட்டாள். எண்ணூரில் கம்பத்தின் மேல் இருக்கிறேன், மூன்று மணி ஆகும், அதற்குள் புகார் நம்பரைப் போட்டு வையுங்கள் என்றான். புகார் நம்பர் வேண்டுமென்றால் எங்கே போன் போடவேண்டும்? அவள் வேலை செய்கிற அதே இடத்துக்குத்தான். அந்தக் கம்பெனி லைன்தானே அவள் வீட்டுக்கும். போட்டாள். ஒரு ஆம்பளைக் குரல், நல்ல மரியாதையான குரல், "வணக்கம், ஜேக்கப் பேசறேன்" என்றது. அங்கே நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்களாம், இவளை அவனுக்குத் தெரியாது. நானும் அங்கேதான் வேலை செய்கிறேன் என்று இவளும் சொல்லவில்லை.

"எந்த லைட்டு சிவப்பா எரியுது மேடம்?"

சொன்னாள்.

"ஆஃப் பண்ணிட்டு முப்பது..."

"எண்ணிட்டேன்."

"பெட்டிக்குப் பின்னாடி மெல்லிசா ஒயர் ஒண்ணு இருக்கும். அது டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் உள்ள போயிருக்கா?"

"போயிருக்கு."

"கடைசியா நல்லா இருந்ததுக்கும் இப்பவுக்கும் நடுவுல வீட்ல ஏதாச்சும் மாத்துனீங்களா? சாமான் நகத்துனீங்களா?"

"ரெண்டு வருஷமா எதையும் மாத்தல."

"சரி மேடம். ஒயரை எங்கேயாவது ஏதாவது அமுக்குதான்னு பாக்கணும். ஒருத்தர் பெட்டிகிட்ட உக்காந்து லைட்டைப் பாக்கணும், ஒருத்தர் ஒயரைத் தொட்டுகிட்டே கடைசி வரைக்கும் போகணும். வீட்ல உங்க கூட யாராச்சும் இருக்காங்களா?"

இதே கேள்வியை அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். அவளை ஒருத்தர் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஹலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கூட யாராச்சும்..."

"இல்ல. நான் மட்டும்தான்."

"பக்கத்துல யாராச்சும் இருந்தா கூப்பிட்டுக்கோங்க மேடம்."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். என் கை நெத்திலித் தலையோடு அப்படியே நின்றது. எழுந்திருக்க எனக்கு ஆசைதான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

"ஆயா, கொஞ்சம் மேல வர்றியா?" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு போனேன். ரெண்டு வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள். எல்லாம் துடைத்து வைத்திருந்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர் கவிழ்த்திருந்தது. மேசைக்கு மேலே சுவரில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது.

"அது இன்னா எழுதிக்கீது?"

"கஸ்டமர் திட்டினா என்ன பதில் சொல்லணும்னு குடுத்திருக்காங்க ஆயா."

"யாரும் திட்டலைன்னா இன்னா பேசணும்?"

"அதுக்கு எதுவும் எழுதிக் குடுக்கல" என்றாள். அன்றைக்கு முதல் தடவையாக உதடு கொஞ்சம் அசைந்தது.

என்னைப் பெட்டிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார வைத்தாள். "இந்த லைட்டுதான். கண்ணை எடுக்காத. பச்சையானா கத்து." அவள் ஒயரைப் பிடித்தபடி சுவர் ஓரமாகப் போனாள், ஜன்னலைத் தாண்டினாள், அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறினாள். மேலே இருந்து கத்தினாள்.

"ஆயா, என்ன கலரு?"

"செகப்பு!"

"இப்ப?"

"செகப்புதான்! கண்ணு தெரியுது எனக்கு, நீ நகரு!"

"இப்ப?"

அந்த நேரத்தில் அது ஒரு தடவை சிமிட்டியது. பச்சை. மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை.

"பச்சை! பச்சை! அங்கயே நில்லு, எதுமேல கை வச்சுகினு கீற?"

வேறு மாதிரிக் குரலில் கேட்டாள். "ஆயா, இங்க வந்து பாரு. இந்த முடிச்சு யார் போட்டது?"

நான் ஏறிப் போவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் கருவாட்டு மேலே காக்கா வராமல் இருக்கப் பழைய வலை ஒன்றை விரிப்பேன். வலையின் கயிறு கைப்பிடிச் சுவரில் இருக்கிற இரும்பு வளையத்தில். போன புயலுக்கு அப்புறம் அந்தக் கறுப்பு ஒயர் தொங்கிக்கொண்டு காற்றில் என் மூஞ்சியில் அடித்தது. அடித்ததை நான்தான் பிடித்து, வலைக் கயிறோடு சேர்த்து அதே வளையத்தில் கட்டினேன். நாங்கள் வலைக்குப் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். காற்று சும்மா இருக்கிற நாளில் வலை தளர்ச்சியாகக் கிடக்கும், ஒன்றும் இல்லை. பங்குனியில் கடல் காற்று ஏறியது. காற்று அடிக்கிற நாளில் வலை பறக்காமல் இருக்க நான் கயிற்றை இழுத்து இறுக்குவேன். சாயங்காலம் கருவாட்டை அள்ளும்போது தளர்த்துவேன். டென்னிஸ் வருவது அதற்கப்புறம்.

"நான்தான் கட்டுனேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"கட்டாம இன்னா பண்றது? மூஞ்சில அடிக்குது. ஒரு ஒயரு, கயிறு மாதிரி கீது. அதைக் கட்டுனா லைட்டு அணையும்னு எனக்கு யார் சொன்னா?"

அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நானும் ரெண்டு திட்டுத் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவிழவில்லை, நகம்தான் உடைந்தது. "தள்ளு" என்று நான் உட்கார்ந்தேன். நான் போட்ட முடிச்சு எனக்குத்தான் அவிழும். அவிழ்த்து ஒயரைத் தனியாக எடுத்து அவள் கையில் கொடுத்தேன். காக்கா ரெண்டு வந்து கருவாட்டில் உட்கார்ந்தது. ரெண்டு பேரும் விரட்டவில்லை.

மூன்று மணிக்கு டென்னிஸ் வந்தான். ஒயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆயா, இதுக்குள்ள இருக்கிறது கம்பி இல்ல, கண்ணாடி. தலைமயிரு மாதிரி கண்ணாடி நூலு. அதுக்குள்ள வெளிச்சம் ஓடுது. மடிச்சு இறுக்கினா வெளிச்சம் அங்கயே வெளிய போயிடும், வீடு வரைக்கும் வராது. தளர்த்தினா மறுபடி ஓடும். வட்டமா விடணும், மடிக்கக்கூடாது" என்றான்.

"இந்த ஒயரைப் போடும்போதே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு? தொங்கவுட்டுட்டுப் போனது யாரு?"

"சரி, அதுவும் என் தப்புதான்" என்றான். நல்ல மனுஷன். போனை எடுத்து ரிப்போர்ட் எழுதப் போனான்.

"நான்தான் கட்டுனேன்னு எழுது. பேரு போட்டு எழுது. அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லைன்னு எழுது."

"ஆயா, இதுல உள்ளயா வெளியவான்னு ரெண்டு கட்டம்தான் கீது. கருவாட்டுக்குக் கட்டம் இல்ல."

கரோலின் மெதுவாகக் கேட்டாள். "டென்னிஸ், உண்மையாவே இது வெளியதானா? எனக்காகப் போட வேணாம்."

"மொட்டை மாடி யார் வீட்டுக்குள்ள கீதுக்கா? வெளிய தான்கா" என்று அவன் கட்டத்தைத் தொட்டான். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அனிஷா போன் போட்டு, சரி கரோலின், இது கணக்கில் இல்லை, நாளைக்கு வழக்கம்போல் லாகின் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

கரோலின் என் கையைப் பிடித்தாள். "தேங்க்ஸ் ஆயா. வீடு தப்பிச்சுது." அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலை பாதியில் நின்றதற்கு ஏதேதோ எழுதி அனுப்ப வேண்டுமாம். நான் காக்கா தின்றது போக மிச்சத்தை அள்ளிக்கொண்டு கீழே வந்தேன்.

மறுநாளில் இருந்து கருவாட்டைக் கீழே வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனிமேல் ஒருத்தி வீடு என்னால் போகக்கூடாது. தூசி விழுகிறது, லாரிப் புகை படிகிறது, பரவாயில்லை. ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. தினம் ரெண்டு தடவை அவள் கதவைத் தாண்டி ஏறினேன், ரெண்டு தடவை இறங்கினேன். அந்தச் சாக்கில்தான் "சாப்ட்டியா" எல்லாம். இப்போது எனக்கு மேலே வேலை இல்லை, அவளுக்குக் கீழே வேலை இல்லை. சாமான் எல்லாம் வீட்டுக்கே வருகிறது, கொண்டுவருகிற பையன் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போக மட்டும் இறங்குவாள். மத்த நாளெல்லாம் குரல்தான். "எந்த லைட்டு சார்? முப்பது எண்ணுங்க மேடம்." லைன் இப்போது போவதே இல்லை. காலை ஏழில் இருந்து நாலு வரைக்கும் ஒரு நிமிஷம் நிற்காமல் பேசுகிறாள். அவளுக்கு வேண்டியது அதுதான், கிடைத்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பூசை முடிந்து வந்தவள் என் வாசலில் நின்றாள். கருவாட்டையே பார்த்தாள்.

"ஏன் ஆயா மாடிக்கு வர்றதே இல்ல?"

"இங்க நல்லா காயுது."

"எங்க காயுது? மண்ணு ஒட்டிக்கினு கீது" என்றாள். ஹெட்போனில் பேசுகிற தமிழ் இல்லை, எல்சி பேசுகிற மாதிரிப் பேசினாள். "ஒயரு போற பக்கம் வேணாம். அந்தப் பக்கம், தண்ணி டேங்க் ஓரமா நான் ரெண்டு ஆணி அடிச்சுத் தர்றேன். அதுல கட்டு வலையை. எவ்ளோ வேணா இறுக்கிக் கட்டு."

"அடிச்சுட்டு கூப்புடு" என்றேன்.

இன்னும் அடிக்கவில்லை. வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் துணி துவைத்துப் பூசைக்குப் போய்விட்டு வந்தால் பொழுது போய்விடுகிறது, தெரிகிறது. டென்னிஸிடம் சொன்னால் வந்து ரெண்டு நிமிஷத்தில் அடித்துக் கொடுப்பான், கேட்கவும் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் அடிக்கிறேன் என்று சொன்னாள், அவளே அடிக்கட்டும். ஆணி நானே வாங்கி வைத்துவிட்டேன், மூன்று இஞ்சு, துருப் பிடிக்காதது. கருவாடு கொஞ்ச நாள் மண்ணோடு காயட்டும்.